கண்ணைச் சுற்றியுள்ள தோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமையிலும் கண்ணுக்குக் கீழேயும் வரும் கருமை, வீக்கம், அரிப்பு, சுருக்கம், வெள்ளை மணிகள் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும், இப்போதே சொல்லிவிடலாம்: இந்த இடத்துத் தோல் கவனிக்காமல் விட்டதால் கெட்டதைவிட, தேய்த்தும் அளவுக்கு மீறிப் பூசியும் கெட்டதுதான் அதிகம்.

முகத்தில் மற்ற இடத்துக்கு இல்லாத தனிக் கவனிப்பு இங்கே மட்டும் எதற்கு?

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான். அரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலே பெரிது. கன்னத்தில் தோலுக்கு அடியில் கொழுப்பு மெத்தை இருக்கிறது. இமையில் அது கிட்டத்தட்ட இல்லை, தோலை அடுத்து நேராகக் கண்ணை மூடும் வட்டத் தசைதான். எண்ணெய்ச் சுரப்பிகளும் சிறியவை, குறைவானவை.

இந்த அமைப்பிலிருந்தே எல்லாத் தொல்லையும் கிளம்புகிறது. எண்ணெய் குறைவு என்பதால் சீக்கிரம் வறண்டுபோகும். மெல்லியது என்பதால் அடியில் ஓடும் ரத்தக் குழாய் வெளியே தெரியும், பூசும் மருந்தும் வேகமாக உள்ளே இறங்கும். தளர்வானது என்பதால் கொஞ்சம் நீர் சேர்ந்தாலும் உப்பிக்கொள்ளும். போதாக்குறைக்கு நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைக்கிறோம். விழித்திருக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டால் ஒரு நாளில் பத்தாயிரம் தடவைக்கு மேல் இந்தத் தோல் மடிந்து விரிகிறது.

கண்ணுக்கென்று தனி க்ரீம் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. முகத்துக்குப் போடும் மாய்ஸ்சரைசர் வாசனை சேர்க்காததாக இருந்து, கண்ணருகே போட்டால் எரியாமலும் இருந்தால் அதுவே போதும். கண் க்ரீம் என்று சின்னக் குப்பியில் வருவதில் பெரும்பாலும் இருப்பதும் ஈரம் காக்கும் அதே கிளிசரின், அதே ஹைலுரானிக் அமிலம், அதே செராமைடுதான்.

தனி க்ரீம் இரண்டு சந்தர்ப்பங்களில் உதவும். முகத்துக்கு நீங்கள் போடுவது முகப்பரு மருந்தாகவோ அமிலம் கலந்ததாகவோ இருந்தால் கண்ணுக்கு வேறு ஒன்று தேவை. இரண்டாவது, கஃபீன், குறைந்த அளவு ரெட்டினால் (சுருக்கத்துக்குப் போடும் வைட்டமின் ஏ வகை) போன்ற ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்ட காரணத்துக்காக அந்த இடத்தில் மட்டும் போட நினைத்தால்.

வாங்கும்போது முன்பக்கத்து விளம்பர வரியை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொருள் பட்டியலைப் பாருங்கள். பர்ஃபம், ஃப்ராக்ரன்ஸ், மென்தால், வாசனைத் தைலங்கள் இருந்தால் கண்ணருகே வேண்டாம். ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை தருவது குறைவு) என்று போட்டிருப்பதை நம்பி வாங்கவும் வேண்டாம். பல நாடுகளில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான வரையறையே இல்லை.

புதிதாக எது வாங்கினாலும் நேராகக் கண்ணில் தொடங்காதீர்கள். முழங்கையின் உள்மடிப்பில் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். சிவக்கவில்லை, அரிக்கவில்லை என்றால் கண்ணின் வெளியோரத்தில் மட்டும் இரண்டு மூன்று இரவு. அதற்குப் பிறகுதான் முழுவதும்.

எவ்வளவு எடுக்க வேண்டும், எப்படித் தடவ வேண்டும்?

இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு மிளகு அளவு. அதற்கு மேல் எடுத்தால் மீதி கண்ணுக்குள்தான் போகும்.

கண்ணுக்குக் கீழே விரலை வைத்து மெல்ல அழுத்தினால் கெட்டியாக ஒரு எலும்பு விளிம்பு தட்டுப்படும். க்ரீம் போக வேண்டிய பாதை அதுதான். மோதிர விரல் நுனியில் எடுத்து அந்த எலும்பின் மேல் மூன்று நான்கு புள்ளிகள், வெளியோரத்தில் ஒன்று, புருவத்துக்குக் கீழே எலும்பின் மேல் ஒன்று என வையுங்கள். பிறகு அதே விரலால் ஒத்தி ஒத்திப் பரப்புங்கள். தோல் விரலோடு சேர்ந்து நகர்ந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். மோதிர விரலைச் சொல்வதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை, மற்ற விரல்களைவிட அதில் பலம் குறைவு.

இமை முடி வரை கொண்டுபோக வேண்டாம். முடிக்கும் க்ரீமுக்கும் இடையே நான்கைந்து மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். உடல் சூட்டில் இளகி, இமைப்பதாலும் இழுபட்டு, அது தானாகவே கொஞ்சம் மேலேறும். இரவில் படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுவது நல்லது. காலையில் எழும்போது கண் பிசுபிசுத்துப் பார்வை மங்கலாக இருக்கிறதா? க்ரீமை மாற்றுமுன் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள்.

உள்ளிருந்து வெளியே தடவுவதா வெளியிருந்து உள்ளே தடவுவதா என்று பெரிய சர்ச்சையே நடக்கும். இழுக்காத வரை எந்தத் திசையானாலும் சரி.

மேக்கப்பை எடுக்கும்போது தேய்க்காமல் எப்படி எடுப்பது?

நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தட்டையான பஞ்சை மேக்கப் கரைப்பானில் நன்றாக நனைத்து மூடிய இமையின் மேல் வையுங்கள். 30 வினாடி அப்படியே பிடியுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் பொறுமை இழந்து ஐந்தாவது வினாடியில் துடைக்க ஆரம்பிப்பார்கள். முப்பது வினாடி கழித்துப் பஞ்சை லேசாக அழுத்தி முடி போகும் வாக்கில் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. பஞ்சில் கரும்பட்டையாக மஸ்காரா வந்துவிடும். இமை முடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கோட்டைக் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து எடுங்கள். மீண்டும் வர மறுத்தால் இன்னொரு புதிய பஞ்சு, இன்னொரு முப்பது வினாடி.

வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா தண்ணீருக்கு அசையாது, எண்ணெய் கலந்த கரைப்பான்தான் வேண்டும். மேக்கப் எடுக்கும் மைசெல்லர் தண்ணீரை ‘கழுவத் தேவையில்லை’ என்று விற்கிறார்கள். அதில் இருப்பதும் அழுக்கை இழுக்கும் சோப்பு வகைப் பொருள்தான். கண்ணைச் சுற்றி அப்படியே காயவிட்டால் வறட்சியும் எரிச்சலும் வரும், வெறும் தண்ணீரில் ஒரு முறை கழுவிவிடுங்கள். துடைக்கும்போது துண்டால் ஒற்றி எடுங்கள்.

மஸ்காராவைத் திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் குச்சி கிருமியோடு உள்ளே போகிறது, உள்ளே ஈரமும் இருட்டும் காத்திருக்கின்றன. கண்கட்டியோ கண்நோயோ வந்து போனால் அப்போது பயன்படுத்தியதை, மூன்று நாள் பழையதாக இருந்தாலும், தூக்கிப் போடுங்கள். கண் மையை இமையின் உள்விளிம்பில் இழுப்பதும் நல்லதல்ல. கண்ணீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் சின்னச் சின்னத் துளைகள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. அவை அடைபட்டால் கண் வறளும். முடிக்கு வெளியே இழுத்தாலே போதும்.

எனக்கு இருப்பது எந்த வகைக் கருவளையம்?

கருவளையம் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. எது என்று தெரியாமல் க்ரீம் வாங்குவதால்தான் ‘எதுவும் கேட்கவில்லை’ என்ற புலம்பல்.

பகல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், ஜன்னலைப் பார்த்தபடி கையில் ஒரு கண்ணாடியோடு உட்காருங்கள். கண்ணுக்குக் கீழே உள்ள தோலை ஒரு விரலால் பக்கவாட்டில் மெல்ல இழுங்கள். நிறம் பழுப்பாகவே இருந்து, இழுத்தாலும் மாறவில்லை என்றால் அது தோலிலேயே படிந்த நிறமி. மேலிமையிலும் அதே பழுப்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம். இழுத்ததும் நீலம் அல்லது ஊதா கூடுதலாகத் தெரிந்தால் அது ரத்தக் குழாய். மெல்லிய தோலை இன்னும் மெல்லியதாக்கி அடியில் இருப்பதைப் பார்த்துவிட்டீர்கள்.

இப்போது தோலை விட்டுவிட்டு முகத்தை வெளிச்சம் நேராக விழும்படி நிமிர்த்துங்கள். கருமை பெருமளவு மறைந்துவிட்டால் அது நிறமே அல்ல, நிழல். மூக்கோரத்திலிருந்து கன்னத்துக்குச் சாய்வாக ஓடும் பள்ளமோ, கீழிமையின் உப்பலோ விளக்குக்குக் கீழே நிற்கும்போது நிழல் போடுகிறது. வயது கூடக்கூடக் கன்னத்துக் கொழுப்பு இறங்கி இந்தப் பள்ளம் ஆழமாகும்.

பலருக்கு இரண்டு வகை கலந்தே இருக்கும். குடும்பத்தில் எல்லோருக்கும், சிறு வயதிலிருந்தே இருந்தால் அது பரம்பரை; மங்கலாக்கலாம், அடியோடு போக்க முடியாது.

சரி, வகை தெரிந்துவிட்டது. எதற்கு எது வேலை செய்யும்?

நிறமிக்கு முதல் மருந்து வெயில் படாமல் பார்த்துக்கொள்வது, இரண்டாவது தேய்ப்பதை நிறுத்துவது. மாநிறத்திலும் கருநிறத்திலும் தோல் எங்கே உரசப்படுகிறதோ, எங்கே புண்படுகிறதோ அங்கே கூடுதல் நிறமியை இறக்கிவிடும். மூக்கு ஒவ்வாமையால் கண் அரித்து, அரிப்பால் தேய்த்து, தேய்த்ததால் கறுத்தவர்களுக்கு ஒவ்வாமைக்கு மருந்து எடுக்காமல் எந்த க்ரீமும் பலிக்காது. இவற்றோடு 4 அல்லது 5 சதவீத நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) சேர்க்கலாம். வைட்டமின் சி வேண்டுமென்றால் அஸ்கார்பிக் அமிலமாக இல்லாமல் அதன் மென்மையான வழிப்பொருள்களாகப் பாருங்கள்; அமிலம் இந்த இடத்தில் எரிக்கும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் போன பிறகுதான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால் கண்ணாடி ஏமாற்றாது. நிறமியை வெளுக்கும் ஹைட்ரோகுவினோனை மட்டும் மருத்துவர் பார்வை இல்லாமல் தொடாதீர்கள்.

ரத்தக் குழாய் வகைக்குக் கஃபீன் க்ரீமும் குளிர்ந்த ஒத்தடமும் குழாய்களைச் சுருக்கும், சில மணி நேரத்துக்கு. தூக்கம் குறைந்து முகம் வெளிறினால் இந்த வகை எடுப்பாகத் தெரியும். ரத்தசோகையும் அப்படியே. ஆனால் கருவளையம் இருக்கிறதே என்று பரிசோதனை செய்யாமல் இரும்புச் சத்து மாத்திரை விழுங்க வேண்டாம்.

நிழலுக்கு எந்த க்ரீமும் கிடையாது. பள்ளத்தை எந்தப் பூச்சும் நிரப்பாது. அதற்குக் கருமையை மறைக்கும் மேக்கப்பான கன்சீலர், அல்லது மருத்துவர் செய்யும் சிகிச்சை. கன்சீலரில் ஒரு நுணுக்கம்: நீலக் கருமைக்குத் தோல் நிறத்தை அப்பினால் சாம்பல் பூத்துத் தெரியும். முதலில் ஆரஞ்சுச் சாயலில் மெல்லிய ஒரு பூச்சு, அதன் மேல் தோல் நிறம்.

க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்கு லட்டனோபிராஸ்ட், பிமட்டோபிராஸ்ட் போன்ற சொட்டு மருந்து போடுகிறவர்களுக்கும், இமை முடி வளர அதே வகை மருந்தைப் பூசுகிறவர்களுக்கும் இமை கறுப்பதும் கண் குழிவதும் தெரிந்த பக்க விளைவுகள். அழகு நிலையத்தில் செலவழிக்குமுன் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பார்வைக்கே ஆபத்து.

காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே பை போல உப்பியிருக்கிறது. ஏன்?

படுத்திருக்கும்போது உடம்பில் உள்ள நீர் கீழே இறங்காமல் தளர்ந்த இடத்தில் தேங்குகிறது. முந்தைய இரவு உப்பு அதிகமான சாப்பாடு, மது, அழுகை, குப்புறப் படுத்தது எல்லாம் அதைக் கூட்டும். எழுந்து நடமாடினால் இரண்டொரு மணி நேரத்தில் வடிந்துவிடும். தலையணையை ஒன்று கூட்டித் தலையைச் சற்று உயர்த்திப் படுங்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் மூடிய கண்ணின் மேல் போடுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள், இவ்வளவு மெல்லிய தோல் குளிரிலும் கருகும்.

சாயங்காலம் வரை அப்படியே இருந்தால் அது நீரல்ல. கண்குழிக்குள் இருக்கும் கொழுப்பு, அதைத் தாங்கும் திரை தளர்ந்ததால் முன்னால் தள்ளி நிற்கிறது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உருட்டிக் கண்ணாடியில் பாருங்கள். பை இன்னும் புடைத்தால் கொழுப்புதான். இதற்குப் பூச்சு மருந்து இல்லை, வேண்டுமென்றால் அறுவை சிகிச்சைதான்.

இரண்டு கண்ணும் காலையில் உப்பி, காலிலும் வீக்கம், சிறுநீரில் நுரை என்று சேர்ந்து வந்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். தைராய்டு கோளாறிலும் கண்ணைச் சுற்றி உப்பும்.

ரெட்டினாலைக் கண்ணோரச் சுருக்கத்துக்குப் போடலாமா?

போடலாம், எலும்பு விளிம்போடு நிறுத்திக்கொண்டால். மேலிமையில் வேண்டாம். 0.1 சதவீதம் அளவில் தொடங்குங்கள். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும். முதலில் மாய்ஸ்சரைசர், அது உள்ளே இறங்கியதும் ரெட்டினால், அதன் மேல் மறுபடி மாய்ஸ்சரைசர். தோல் உரியாமல் நான்கு வாரம் தாண்டினால் ஒன்றுவிட்டு ஒரு நாள்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், முகத்துக்குப் போட்ட ரெட்டினால் இரவோடு இரவாக நகர்ந்து இமைக்குப் போய்விடுகிறது. மூன்றாம் வாரம் இமை சிவந்து, சுருக்கம் முன்பைவிட அதிகமாகத் தெரியும். வறண்ட தோலில் வரும் இந்தச் சுருக்கத்தைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம் போடுவோம்’ என்று நினைத்தால் காரியம் கெட்டது. ரெட்டினாலை நிறுத்திவிட்டு, தோல் பழையபடி ஆகும் வரை பெட்ரோலியம் ஜெல்லி மட்டும். இனி ரெட்டினால் போடும் இரவுகளில் இமையோரத்தில் முதலிலேயே ஜெல்லியை மெல்லிய கரையாகப் பூசிவிடுங்கள், நகர்வதைத் தடுக்கும்.

கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்க முயல்பவர்களும் ரெட்டினால் வகை எதையும் தவிர்க்க வேண்டும். கண் வறட்சி உள்ளவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

சிரிக்கும்போது மட்டும் விழும் கோடுகள் தசையால் வருபவை, ரெட்டினாலுக்கு அவ்வளவாக மசியாது. அவற்றுக்குத் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி மூன்று நான்கு மாதம் தாக்குப்பிடிக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்ணோரக் கோடுகளுக்கு 2013இல் அதை அனுமதித்தது.

சன்ஸ்கிரீன் போட்டால் கண் எரிகிறது. இந்த இடத்தை விட்டுவிடலாமா?

விடக் கூடாது. இமையில் வரும் தோல் புற்றுநோய் அபூர்வமல்ல, வெயில் நேராக அடிக்கும் கீழிமைதான் அதற்கு வழக்கமான இடம்.

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வெயில் கதிரை உறிஞ்சும் வேதி வடிகட்டிகள் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்குவது. துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டைஆக்ஸைடு உள்ள கனிம சன்ஸ்கிரீன் அவ்வளவாக எரியாது. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், குச்சி வடிவில் கிடைத்தால் இன்னும் நல்லது. மெழுகுத் தன்மையால் ஒழுகாது. நெற்றியில் போடுவதும் அதே வகையாக இருக்கட்டும், எரிப்பது பல நேரம் நெற்றியிலிருந்து வழிவதுதான். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி.

மேலிமைக்குக் கறுப்புக் கண்ணாடியே சிறந்த பாதுகாப்பு. ‘யுவி 400’ என்று குறித்திருக்க வேண்டும், பக்கவாட்டையும் மறைக்க வேண்டும். நிறம் எவ்வளவு கறுப்பு என்பது கணக்கில் இல்லை. புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி மோசம். இருட்டில் கண்ணின் பாப்பா விரிய, கதிர் கூடுதலாக உள்ளே போகிறது.

இமை சிவந்து, அரித்து, செதில் செதிலாக உரிகிறது. கண்ணில் எதுவும் போடவே இல்லையே?

கண்ணில் போடாததுதான் பல நேரம் குற்றவாளி. நகப்பூச்சு நல்ல உதாரணம். நகத்தைச் சுற்றியுள்ள தோல் கெட்டியானது, அது தாங்கிக்கொள்ளும். ஆனால் முழுதாகக் காயாத நகத்தோடு கண்ணை ஒரு தரம் தொட்டால் அங்கிருக்கும் மெல்லிய தோல் தாங்காது. விரல் சுத்தமாக இருக்கும், இமை வெடித்துக் கிடக்கும். அழகு நிலையங்களில் ஒளி காட்டி உலர்த்தும் ஜெல் நகப்பூச்சில் உள்ள அக்ரிலேட்டுகள் இதில் பேர்போனவை. இதே போலத் தலைச்சாயம், ஷாம்பூ, தலையில் தெளிக்கும் ஸ்ப்ரே, வாசனைத் திரவியம், இமை முடி ஒட்டும் பசை, நிக்கல் கலந்த இமை முடி சுருட்டி, நியோமைசின் கலந்த சொட்டு மருந்து என்று பட்டியல் நீளும். புதிதாக வாங்கியதை மட்டும் சந்தேகிக்காதீர்கள். பல வருடம் ஒத்துக்கொண்ட பொருளும் திடீரென்று ஒரு நாள் ஒவ்வாமையாகும்.

முகத்துக்கு வரும் எல்லாவற்றையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள், நகப்பூச்சு உட்பட. வெதுவெதுப்பான தண்ணீர், பெட்ரோலியம் ஜெல்லி, வேறெதுவும் கிடையாது. அடங்கியதும் ஒவ்வொன்றாக, ஒரு வார இடைவெளியில் திரும்பச் சேர்த்தால் காரணம் பிடிபடும். பிடிபடவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் எதற்கு ஒவ்வாமை என்று காட்டும் பேட்ச் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். முதுகில் ஒட்டிய சின்னத் துண்டுகளை 48 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்து, மீண்டும் ஒரு முறை சில நாள் கழித்தும் பார்ப்பார்கள்.

செதில் இமைத் தோலில் இல்லாமல் முடியின் அடியில் பொடுகு போல ஒட்டியிருந்தால் அது இமை விளிம்பு அழற்சி. வெதுவெதுப்பான ஒத்தடம் ஐந்து முதல் பத்து நிமிடம், பிறகு இமை விளிம்பை மட்டும் துடைப்பது, தினம் இரண்டு வேளை.

அரிப்புக்கு வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு களிம்பைக் கொஞ்சம் போட்டால் என்ன?

இரண்டு நாளில் அற்புதமாக அடங்கும், அதுதான் ஆபத்து. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும், மறுபடி போடுவீர்கள். தோல் இன்னும் மெலிந்து ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். இமை வழியாகக் கண்ணுக்குள் சேர்ந்தால் கண் அழுத்தம் உயரலாம், கண்புரை வரலாம். மருத்துவர் இங்கே ஸ்டீராய்டு கொடுத்தால் வீரியம் குறைந்ததாக, நாள் கணக்கோடு கொடுப்பார். நீண்ட நாள் தேவைப்பட்டால் டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத வேறு களிம்புக்கு மாற்றுவார்.

சின்னச் சின்ன வெள்ளை மணிகள் வந்திருக்கின்றன. கிள்ளலாமா?

கூடாது. மிலியா என்கிற இவை தோலுக்கு அடியில் உருண்டு நிற்கும் கெராட்டின் மணிகள். பரு போலத் துளை இல்லாததால் பிதுக்கினால் வராது, வடுதான் மிஞ்சும். கனமான க்ரீமை நிறுத்தினால் பல தானாகப் போகும், மாதக் கணக்கில் ஆகலாம். அவசரமென்றால் தோல் மருத்துவர் கிருமி நீக்கிய ஊசியால் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

தோல் நிறத்திலேயே கீழிமையில் கூட்டமாக இருந்தால் அது வியர்வைக் குழாய் வளர்ச்சி. தீங்கில்லை, க்ரீமுக்குப் போகாது. மூக்கோரத்து இமையில் மஞ்சள் தட்டையாகப் படர்ந்தால் ரத்தத்தில் கொழுப்பு அளவைப் பாருங்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது கூடியிருக்கும்.

எலுமிச்சை, பற்பசை, வெள்ளரிக்காய்?

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். கடும் அமிலம், அதோடு வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்பும் வரும். நிறமியைப் போக்கப் போய் நிறமியை வாங்கிவருவது போல. பற்பசையும் சமையல் சோடாவும் அதே ரகம். வெள்ளரிக்காயில் பெரும்பகுதி தண்ணீர், அதன் குளிர்ச்சிதான் வேலை செய்கிறது. நனைத்த துணியும் அதையே செய்யும். மூலத்துக்கான களிம்பைக் கண் வீக்கத்துக்குப் பூசுகிற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் ஸ்டீராய்டும் மரத்துப்போகும் மருந்தும் இருக்கலாம், கண் பக்கமே கொண்டுவராதீர்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு?

முதலில் லென்ஸ், பிறகு க்ரீமும் மேக்கப்பும். கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகுதான் மேக்கப். க்ரீம் கையோடு லென்ஸைத் தொட்டால் எண்ணெய்ப் படலம் ஒட்டிவிடும்.

குழந்தைக்குக் கருவளையம் இருக்கிறது. ஏதாவது பூசலாமா?

எதுவும் பூச வேண்டாம். குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் மூக்கடைப்பும் ஒவ்வாமையும். மூக்கு அடைத்தால் கண்ணுக்குக் கீழே உள்ள நாளங்களில் ரத்தம் தேங்கி நீலமாகத் தெரியும். வாயால் மூச்சு விடுகிறதா, கண்ணைத் தேய்க்கிறதா என்று கவனித்துக் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தோலுக்கு அடியில் நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டால் கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளம் சரியாகிவிடுமா?

பொருத்தமானவர்களுக்குச் சரியாகும். ஆனால் முகத்தில் ஃபில்லர் போடக் கடினமான இடங்களில் இதுவும் ஒன்று. மேலாகப் போட்டால் நீலச் சாயல் தெரியும். அதிகம் போட்டால் நீர் இழுத்து உப்பும். அரிதாக, ஊசி மருந்து ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்துப் பார்வையே போகலாம். போடுகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: போடுவது ஹைலுரானிக் அமிலம்தானா? அதைக் கரைக்கும் ஹைலுரானிடேஸ் இதே அறையில் இருக்கிறதா? இரண்டாவதற்கு உடனே ‘ஆம்’ வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். லேசர், தோலின் மேலடுக்கை உரித்தெடுக்கும் பீல் இரண்டும் கருநிறத் தோலில் எதிர்மாறாகக் கறுப்பைக் கூட்டலாம் என்பதால் அப்படிப்பட்ட தோலில் அனுபவம் உள்ளவரிடம் மட்டும்.

எதற்கெல்லாம் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

ஒரு பக்கம் மட்டும் இமை சிவந்து வீங்கி, காய்ச்சல், கண்ணை அசைத்தால் வலி, இரட்டைப் பார்வை, கண் முன்னால் தள்ளியது போலத் தெரிவது: கண்குழிக்குள் தொற்று, அன்றே மருத்துவமனை. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் ஒரு பக்கமாகக் கொப்புளம் வந்தால் அக்கி கண்ணைத் தாக்கக்கூடும், அதுவும் அன்றே. உதடும் முகமும் சேர்ந்து வீங்கி மூச்சு இறுகினால் நிமிடக் கணக்குதான்.

சில வாரத்துக்குள் காட்ட வேண்டியவை: ஆறாத புண், ஓரிடத்தில் மட்டும் இமை முடி உதிர்வது, முத்துப் போலப் பளபளக்கும் புடைப்பு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கண்கட்டி. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணக் கட்டி என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் அந்த வேஷத்திலும் வரும்.

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாயிற்று, இப்போது தண்ணீர் பட்டாலே எரிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

நான்கு வாரம் எதையும் சேர்க்காதீர்கள். காலையில் வெறும் தண்ணீர், துண்டால் ஒற்றல், வாசனை இல்லாத செராமைடு க்ரீம், வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. இரவில் மென்மையான கழுவல் ஒரு முறை, ஈரம் முழுதாகக் காயுமுன் அதே க்ரீம், உரிகிற இடத்தில் மட்டும் அதன் மேல் அரிசி மணி அளவு பெட்ரோலியம் ஜெல்லி. முதல் வாரம் க்ரீமே எரித்தால் அதையும் விட்டுவிட்டு ஜெல்லி மட்டும். இரண்டாம் வாரத்தில் எரிச்சலும் மூன்றாம் வாரத்தில் உரிவதும் குறைய வேண்டும். இரண்டு வாரத்திலும் துளிகூட அடங்கவில்லை என்றால் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள், இதுவரை பூசிய எல்லாப் புட்டியையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். பட்டியலாக எழுதிக் கொடுத்தால் நகப்பூச்சையும் ஷாம்பூவையும் எப்படியும் மறந்துவிடுவீர்கள்.